நாலு இலையா, மூணு இலையா: ஆறு மாதக் கீரைக் கணக்கு

ஜூனில் ஆரம்பித்தேன். மேட்டூர் திறந்து, குடமுருட்டியில் தண்ணீர் வந்து, வாய்க்கால் ஓரமெல்லாம் பச்சை கட்டிய நேரம். காசு கொடுக்காமல் வாரம் ஒரு கீரை, இதுதான் திட்டம். பாபநாசம் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் பார்த்தவுடன் எனக்கு அடையாளம் தெரிந்தது முருங்கை மட்டும்தான்!

முதல் பறிப்பே கோணல். ஆரை என்று நினைத்துக் கொல்லையில் ஒரு கை கிள்ளி, பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தேன். புளி போடாமலே புளித்தது. களை பறிக்கப் போகும் பக்கத்து வீட்டு ஆயாவிடம் மிச்சத்தைக் காட்டினேன்.

"எலைய எண்ணிப் பாத்தியா தம்பி? மூணு இருந்தா புளியாரை. நாலு இருந்தாத்தான் ஆரை."

மறுநாள் அவரோடு வயலுக்குப் போனேன். நடவு வயலின் சேற்றில் தரையோடு படர்ந்து கிடந்தது. மெல்லிய காம்பு, அதன் நுனியில் நாலு இலை. சாயங்காலமானால் நாலும் கூப்பிக்கொள்ளும். பூவே பூக்காது, பெரணி வகை. ஒரு மடி பறித்து வந்தேன். வண்டல் போக ஐந்து தண்ணீர் அலசியும் முதல் வாய் கறகறவென்றது. இப்போதெல்லாம் வேரோடு பிடுங்காமல் காம்பை மட்டும் கிள்ளுகிறேன். சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்து வதக்கி, இறக்கும்போது தேங்காய்ப்பூ. அதுவே போதும்.

அடுத்தடுத்து பண்ணைக்கீரை (மசியலுக்கு இதற்கு இணை இல்லை), மூக்கிரட்டை, வள்ளைக்கீரை. சாரணை எனக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

கீரையை அடையாளம் காண்பதைவிடப் பெரிய பாடு, எந்த வயலில் களைக்கொல்லி அடித்தார்கள் என்று விசாரிப்பது. செடியைப் பார்த்தால் தெரியாது. அடித்து இரண்டு நாளைக்கு இலை தளதளவென்றே இருக்கும். வயல்காரரைக் கேட்காமல் இப்போது கை வைப்பதில்லை. அந்தப் பயத்திலேயே ஆயாவும் பாதி வயல்களில் பறிப்பதை நிறுத்திவிட்டார்.

ஐப்பசி மழையில் காளான். வரப்புப் புல்லில் வெள்ளைக்குடை, பழைய வைக்கோல் போரின் அடியில் சாம்பல் நிறத்தில் இன்னொன்று. வெங்காயத்தோடு வேகவைத்துக் கறுக்காவிட்டால் நல்லது என்பார்கள். அது சுத்தப் பொய். குடையிலிருந்து உதிரும் வித்துத்தூள் என்ன நிறம் என்று பார்க்க, இரண்டின் குடையையும் வெள்ளைத்தாளில் கவிழ்த்து ராத்திரி முழுக்க மூடி வைத்தேன். காலையில் வரப்புக் காளானின் தாளில் பாசிப்பச்சைத் தூள். வாந்தி பேதிக்காரன், குழி தோண்டிப் புதைத்தேன். வைக்கோல் காளானின் தாளில் மங்கிய ரோஜா நிறம். தண்டில் வளையம் இல்லை, அடியில் பை மாதிரி உறை. உறை மட்டும் போதாது. கொல்லும் காளானுக்கும் அது உண்டு, ஆனால் அதன் தூள் வெள்ளை. முட்டை போல் மூடியிருந்தவற்றில் தூள் பார்க்க வழியில்லை என்பதால் அவற்றைத் தொடவில்லை. காளான் வளர்க்கும் நண்பர் நேரில் வந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அடுப்பு பற்றவைத்தேன்.

மிளகு தட்டிப்போட்டு நல்லெண்ணெயில் வறுவல். கறி மாதிரியே இருந்தது. ஒரு கிண்ணம் ஆயாவுக்குக் கொண்டுபோனேன்.

"நீ காலைல எந்திரிச்சு வா, அப்பறம் பாப்போம்."

காலையில் ஆறு மணிக்கே போய் நின்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னும் ஒரு நாள் போவட்டும் தம்பி."