கல்லோயா சந்தி வரைக்கும் உதயதேவியில்

இலங்கையில் இரண்டு கல்லோயா இருக்கிறது. ஒன்று எங்கள் அம்பாறைப் பக்கத்துக் கல்லோயா: தமிழில் பட்டிப்பளை ஆறு, 1949 இல் தொடங்கிய குடியேற்றத் திட்டம், சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கம். மற்றது ஹபரணைப் பக்கம் காட்டுக்குள் இருக்கிற ரயில் சந்தி. ஆறும் வேறு, ஊரும் வேறு. அம்பாறை மாவட்டத்தில் ஒரு ரயில் நிலையம்கூட இல்லாதபோது பெயர் மட்டும் தண்டவாளத்தில் ஏறிவிட்டதே என்று எனக்கு எப்போதும் ஒரு பொருமல் உண்டு. அந்தச் சந்தியைப் பார்த்தே தீர்வது என்று கல்முனையிலிருந்து கிளம்பினேன்.

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை. ஸ்டேஷனுக்கு எண்ணூறு ரூபா கேட்டார் ஆட்டோக்காரர். "ரயிலுக்கு நேரமாகுது தம்பி, ஏறுங்க" என்று அவசரப்படுத்தியே காசை ஏற்றுகிறார்கள். நானூறுக்கு மேல் தரமாட்டேன் என்று நடக்கத் தொடங்கினேன். பின்னாலேயே வந்து ஐந்நூறுக்கு ஏற்றிக்கொண்டார். அதுவும் அதிகம்தான். நடக்கக்கூடிய தூரம், பையில் பாரமில்லாதவர்கள் நடந்தே போங்கள்.

உதயதேவி ரயிலில் மூன்றாம் வகுப்பில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. இந்தப் பாதை போடப்பட்ட காலத்தில் அதற்கு வைத்த பெயர் 'மட்டக்களப்பு – திருகோணமலை இலகு ரயில்வே'. கணக்குப் புத்தகத்துக்கு வைத்த பெயர் மாதிரி இருக்கிறது. இரண்டு பட்டினங்களையும் நேராக இணைக்கவும் இல்லை. வடக்குப் பாதையிலிருந்து மாகோவில் பிரிந்து வந்து, கல்லோயாவில் இரண்டாகி, 1927 இல் திருகோணமலையையும் 1928 இல் மட்டக்களப்பையும் தொட்டது. கோப்பி இறக்குவதற்காகக் கண்டிக்கு 1867 இலேயே ரயில் போய்விட்டது. நாங்கள் அறுபது வருடம் காத்திருந்தோம். அதே காலத்தில், 1924 இல், மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்துக்கு ஆளுநரின் மனைவி பெயரை வைத்து 'லேடி மனிங்' ஆக்கினார்கள். பாலத்துக்குச் சீமாட்டி, ரயிலுக்கு வெறும் ஊர்ப் பெயர்!

உயிருள்ள பெயர்கள் வந்தது 1950களில், பி. டி. ரம்பல ரயில்வேயை நடத்திய காலத்தில். யாழ்தேவி, உடரட்ட மெனிக்கே, ருகுணு குமாரி, கிழக்குக்கு உதயதேவி. சூரியன் எங்கள் பக்கம்தானே உதிக்கிறது! இந்தக் கூட்டத்திலேயே அழகான பெயர் இதுதான், யாழ்ப்பாணத்து நண்பர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. இரவு ரயில் மீனகயா. எங்கள் ஆட்கள் பாடுமீன் என்பார்கள். மீன் பாடும் மட்டக்களப்பு வாவியின் பெருமை கொழும்புக் கோட்டை ஒலிபெருக்கியில் கேட்கிறது என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஓட்டமாவடிப் பாலத்தைத் தவறவிடாதீர்கள். 2010 இல் புதுப் பாலம் வரும்வரை ரயிலும் பஸ்ஸும் ஒரே இரும்புப் பாலத்தில்தான் போயின. இப்போது பழையது ரயிலுக்கு மட்டும். புணானையில் ஒரு காலத்தில் மனிதர்களைத் தின்ற சிறுத்தை ஒன்று இருந்தது. 1924 இல் சுட்டுக் கொன்றார்கள். இன்றைக்கும் ஜன்னலுக்கு வெளியே அடர்ந்த காடுதான். அதற்கப்புறம் கல்லோயா வரை யானைகளுக்காக வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறார்கள். அலுத்துக்கொள்ளாதீர்கள், குறைக்கத்தான் வேண்டும்.

கல்லோயா சந்தியில் பார்க்க என்ன இருக்கிறது? மேடை, பெயர்ப் பலகை, பிரியும் தண்டவாளங்கள். திருகோணமலைப் பக்கம் வளையும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கடை கண்ணி அதிகமில்லை, தண்ணீர் கொண்டுபோங்கள்.

திரும்பும்போது வாழைச்சேனையில் இறங்கிச் சாப்பிட்டதுதான் பயணத்தின் உச்சம். குத்தரிசிச் சோறு, அன்று பிடித்த மீனில் புளி தூக்கலாக வைத்த குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். கடைக்காரம்மா கேட்காமலே இரண்டாவது மீன்துண்டை வைத்து, "சாப்பிடு மகன், தூரத்துப் பயணமெல்லா" என்றார். சட்டியில் எருமைத் தயிரும் பாணியும் தனியாக வந்தது. எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபா. விடிகாலையில் அந்த ஆட்டோவுக்குக் கொடுத்த காசை நினைத்துப் பாருங்கள்!

கல்முனைப் பக்கம் திரும்புகிறவர்கள் மட்டக்களப்பில் பஸ் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பொத்துவில் வரை நீட்டினால் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை, பட்டிப்பளை என்றே வைக்கலாம்.