ஃபைன் எவ்வளவு சார்?

சென்னையில் குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களுக்கு வெள்ளி, சனி இரவுகளில் போன் வந்தால் பெரும்பாலும் விஷயம் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகத்தான் இருக்கும். "சார், மடக்கி ஊதச் சொன்னாங்க, வண்டிய எடுத்துட்டாங்க. ஃபைன் எவ்வளவு வரும்?" எல்லோரும் முதலில் தொகையைத்தான் கேட்கிறார்கள். மெஷினில் எவ்வளவு காட்டியது, அதன் சீட்டைக் கொடுத்தார்களா, டாக்டரிடம் கூட்டிப்போனார்களா என்று நான் திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது. அதையெல்லாம் கவனிக்கவேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும்போது வண்டி ஓட்டினால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் சிறை இரண்டு ஆண்டு வரை, அபராதம் 15,000. ஹெல்மெட் போடாததற்கு அங்கேயே பணம் கட்டிவிட்டுப் போகலாம். இதை அப்படி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை, நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே வரிசையில் நின்று, பெயரைக் கூப்பிட்டதும் "ஒத்துக்கறேங்கய்யா" என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது. அந்த நொடியில் ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பாகிறது. பிறகு மேல்முறையீடு போனாலும் தண்டனை கூடுதலா, சட்டப்படி சரியா என்பதைத்தான் பேசலாம்; குற்றமே செய்யவில்லை என்று வாதிட முடியாது. பத்தாயிரத்தோடு ஒழிந்தது என்று நினைத்து வெளியே வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கிறது. ஒப்புக்கொள்வது பல சமயம் சரியான முடிவுதான். ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்யவேண்டும்.

இந்த வழக்கில் எல்லாமே முதல் இரண்டு மணி நேரத்தில் அடங்கியிருக்கிறது. கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரிடம் பரிசோதனைக்கு உட்படுத்தவேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிடவேண்டும் என்கிறது 202-வது பிரிவு. (விட்டுவிட்டால் வழக்கு போய்விடும் என்று அர்த்தமில்லை.) ஜாமீனில் விடக்கூடிய குற்றம் இது. ஆளை உள்ளே தள்ளிவிடுவார்களோ என்று நடுராத்திரியில் அழும் வீட்டுக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். அடுத்து, ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள் என்பேன்.

ஊதும் கருவி ரத்தத்தைப் பார்ப்பதில்லை. மூச்சில் உள்ள ஆல்கஹாலை அளந்து, ரத்தத்தில் அதைப்போல் 2,100 மடங்கு இருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. அந்த விகிதம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். 150, 200 என்று காட்டினால் இந்த வாதத்தால் ஒரு பயனுமில்லை. 35, 38 என்று எல்லையை ஒட்டி நிற்கும்போது அதற்கு அர்த்தமுண்டு. ஊதுவதற்கு முன் வெறுங்காற்றில் பூஜ்யம் காட்டியதா, கருவியைக் கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தார்கள், அது மத்திய அரசு அங்கீகரித்த வகையா என்பதையெல்லாம் கேட்க உரிமை இருக்கிறது. தசமூலாரிஷ்டம் குடித்தேன், மவுத்வாஷ் கொப்பளித்தேன் என்பவர்களும் வருவார்கள். வாயில் தங்கும் ஆல்கஹால் கால் மணி நேரத்தில் பெரும்பாலும் போய்விடும். அப்படிச் சொல்பவர் அங்கேயே காத்திருந்து மறுபடி ஊதக் கேட்கவேண்டும். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை.

ஊதவே மறுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று ஒரு யோசனை நண்பர்கள் வட்டத்தில் சுற்றுகிறது. இதற்கு 1971-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைத் துணைக்கு இழுப்பார்கள். வாயில் சாராய வாடை, தள்ளாட்டம், குழறும் பேச்சு, விரிந்த கண்பாவை இவற்றை மட்டும் வைத்துப் போதை என்று முடிவுசெய்ய முடியாது என்ற தீர்ப்பு அது. நல்ல தீர்ப்புதான். ஆனால் காரணமில்லாமல் பரிசோதனைக்கு மறுத்தால் அதையே அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று 205-வது பிரிவு சொல்கிறதே! காப்பீட்டிலும் இந்த யோசனை உதவாது. 2007-ல் டெல்லி இந்தியா கேட் அருகே விபத்துக்குள்ளான ஒரு போர்ஷே காரின் வழக்கில், பரிசோதனை நடக்காவிட்டாலும் மற்றச் சூழ்நிலைகளைக் கொண்டு போதையை நிரூபிக்கலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் காப்பீட்டு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

உண்மையில் குடித்திருந்தால் ரத்தப் பரிசோதனை எதிராகத்தான் வரும். அதையும் சொல்லித்தான் ரத்தம் கொடுக்கச் சொல்கிறேன். 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவில், சாலை வேலைக்கு வந்து நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த ஏழு தொழிலாளர்கள் ஒரு காரின் கீழ் செத்துப்போனார்கள். ஓட்டியவரின் ரத்தத்தில் 0.112 சதவீத ஆல்கஹால், அதாவது 100 மில்லியில் 112 மில்லிகிராம், இருந்தது. மரணம் விளையக்கூடும் என்று தெரிந்தே செய்த குற்றமாக அதைக் கருதி உயர் நீதிமன்றம் விதித்த மூன்றாண்டுச் சிறையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தக் குற்றத்துக்குப் பத்தாண்டு வரை போகலாம். அந்த ஏழு பேரின் குடும்பங்களுக்கும் அந்த ரத்த மாதிரிதான் சாட்சி.

சம்பளத்துக்குக் கார் ஓட்டும் ஒருவரின் வழக்கு இப்போது என் கையில் இருக்கிறது. மெஷின் எல்லைக்குச் சற்று மேலே காட்டியது, ரத்தம் எடுக்கவில்லை. அபராதத்தைவிட அவரைப் பயமுறுத்தியது ஆர்.டி.ஓ. அலுவலக நோட்டீஸ். குடித்து ஓட்டினால் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்கவேண்டும் என்று சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-ல் உத்தரவிட்டிருக்கிறது. மூன்று மாதம் வண்டி எடுக்காவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. "அண்ணே, ஒத்துக்கிட்டா லைசென்ஸ குடுத்துருவாங்களா?" என்று கேட்டார். நீதிமன்றமும் லைசென்ஸ் அதிகாரியும் வேறு வேறு, அங்கே ஒப்புக்கொள்வது இங்கே உதவாது, பாதகமாகத்தான் போகும் என்று விளக்கினேன். நோட்டீஸுக்குப் பதில் எழுதினோம். நிறுத்திவைத்து உத்தரவு வந்தது. 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்தோம். அது விசாரணைக்கு வருவதற்குள் மூன்று மாதமும் கழிந்துவிட்டது. அதுவரை அவர் ஒரு குடோனில் மூட்டை தூக்கினார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. கருவியின் அளவுச் சான்றிதழைத் தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரி மனு போட்டிருக்கிறேன்.