பினாங்கு அயித்தைக்கு மதுரையில் மூட்டு மாற்று: விசாவிலிருந்து வாக்கர் வரை

2024-இல் என் அயித்தைக்கு (அத்தைக்கு) மதுரையில் இரண்டு முழங்கால் மூட்டுகளையும் மாற்றினோம். அவர் மலேசியக் குடிமகள், பினாங்கு ஜார்ஜ் டவுனில் இருக்கிறார். நான் காரைக்குடியில் இருக்கிறேன். முதல் மெயில் அனுப்பியதிலிருந்து திருச்சியில் அவரைத் திரும்ப விமானம் ஏற்றிவிட்டது வரை இந்தப் பக்கத்து வேலை எல்லாம் என் பொறுப்பு. அதற்கப்புறம் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் கொழும்பிலும் சொந்தக்காரர்கள் இருக்கிற பலர் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

அயித்தை 1976-இல் கல்யாணமாகி, நாகப்பட்டினத்தில் 'சிதம்பரம்' கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதத்தோடு தண்ணீர்மலை வரை நடந்தே போகிற ஆள், 2023-இல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் ரதத்தைப் பார்த்தார். முழங்கால் இரண்டும் தேய்ந்து கால் வளைய ஆரம்பித்திருந்தது. அங்கே அரசு ஆஸ்பத்திரியில் செலவு மிகக் குறைவு, ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்கச் சொன்னார்கள். தனியாரில் ஒரு காலுக்கே முப்பதாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கேட்டார்கள்.

இத்தனைக்கும் பினாங்கு, வெளிநாட்டுக்காரர்கள் வைத்தியத்துக்குத் தேடி வருகிற ஊர். சுமத்ராவின் மேடானிலிருந்து நோயாளிகள் தினமும் வந்து இறங்குகிறார்கள். 2019-இல் மலேசியாவுக்கு வைத்தியத்துக்காக வந்தவர்கள் 12 லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பங்கு இந்தோனேசியர்கள். அயித்தை போனில் சொன்னார்: "மேடான்காரவுக எல்லாம் குடும்பத்தோட வந்து பாத்துட்டுப் போறாக. நான் அந்த ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கேன், எனக்குத்தான் கட்டுபடியாகல ஆத்தா." ஒரு நாட்டுக்காரருக்கு மலிவாகத் தெரிகிற இடம் அந்த ஊர்க்காரருக்கே எட்டாமல் இருப்பது பெரிய வருத்தம். நம் ஊரிலும் இதே நிலைதான் என்பதை மதுரை ஆஸ்பத்திரி வராண்டாவில் பிறகு பார்த்தேன்.

இந்தியாவுக்கு மருத்துவக் காரணம் சொல்லி வந்தவர்கள் 2019-இல் ஏறத்தாழ 7 லட்சம் பேர். கொரோனா வந்த 2020-இல் அது 2 லட்சத்துக்கும் கீழே போனது. 2023-இலும் 2024-இலும் மறுபடி 6 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பாதிக்கு மேல் வங்கதேசத்துக்காரர்கள். 2024 ஆகஸ்டில் அங்கே ஆட்சி மாறி விசா சுருங்கியதும் கொல்கத்தா ஆஸ்பத்திரிகளில் கூட்டம் குறைந்துபோனதே, அது இதனால்தான். ஆனால் செட்டிநாட்டில் இருக்கிறவர்கள் இந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவருக்கு மருத்துவ விசா தேவையில்லை. ஊர்க் கோயிலுக்குக் கும்பிட வந்து, போகிற போக்கில் பல்லும் கண்ணும் பார்த்துக்கொண்டு போகிறவர்களும் மருத்துவ விசா எடுப்பதில்லை. தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் அப்படி வந்து போகிறவர்கள் எத்தனையோ பேர்.

சரி, எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அயித்தையிடம் ஓசிஐ இல்லை. மதுரையிலும் திருச்சியிலும் சில ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரேயை மெயிலில் அனுப்பினேன். வந்த மதிப்பீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியவில்லை. ஒருவர் பிசியோதெரபியைச் சேர்த்திருந்தார், இன்னொருவர் சேர்க்கவில்லை. ஒருவர் மூட்டின் கம்பெனியைச் சொன்னார், இன்னொருவர் 'இறக்குமதி மூட்டு' என்று மட்டும் எழுதியிருந்தார். அதனால் எல்லோருக்கும் ஒரே கேள்விகளை எழுதி அனுப்பினேன்: எந்தக் கம்பெனி, என்ன உலோகம், அதன் விலை தனியாக எவ்வளவு, ஐசியுவில் ஒரு நாள் கூடினால் எவ்வளவு, ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் எவ்வளவு, துணைக்கு இருப்பவருக்குச் சாப்பாடு உண்டா.

மூட்டின் விலையைத் தனியாகக் கேட்பது முக்கியம். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்சவிலை வைத்தது. வழக்கமான கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது 54,720 ரூபாய், டைட்டானியம் வகைக்கு 76,600 ரூபாய், வரி தனி. அதற்கு முன் ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. எனவே மொத்தத் தொகை எங்காவது எகிறினால் மூட்டினால்தான் என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. ஒரு இடத்தில், நான் உள்ளூர் ஆள் என்று நினைத்து முதலில் ஒரு தொகை சொன்னார்கள். மலேசிய பாஸ்போர்ட் என்றதும் அதே அறைக்கும் அதே டாக்டருக்கும் இன்னொரு தொகை வந்தது. பினாங்கில் ஒரு ஏஜென்ட், சேவை இலவசம் என்று அயித்தையிடம் பேசியிருந்தார். அவர் வழியாக வந்த மதிப்பீடு, அதே ஆஸ்பத்திரி எனக்கு நேரில் கொடுத்ததைவிடக் கூடுதலாக இருந்தது. கமிஷன் நோயாளியின் பில்லில்தான் ஏறுகிறது. வழி காட்ட ஊரில் யாரும் இல்லாதவருக்கு ஏஜென்ட் தேவைப்படலாம். சொந்தக்காரர் ஒருவர் இங்கே இருந்தால் தேவையே இல்லை.

கடைசியில் இரண்டு காலுக்கும் சேர்த்து ஐந்து லட்சத்துக்குள் முடிகிற மாதிரி மதுரையில் ஒரு இடம் பிடித்தது. விலையைவிட, அந்த டாக்டர் அயித்தையோடு வீடியோவில் தமிழில் நிதானமாகப் பேசியதும், இரண்டு காலையும் ஒரே நாளில் செய்ய மாட்டேன் என்று முதலிலேயே சொன்னதும்தான் எனக்குப் பிடித்திருந்தது. 68 வயது, சர்க்கரை வேறு.

விசாவுக்கு, இணையத்திலேயே விண்ணப்பிக்கிற இ-மெடிக்கல் விசா எடுத்தோம். சுற்றுலா விசாவில் வந்து படுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னார்கள். திட்டமிட்ட ஆபரேஷனுக்கு மருத்துவ விசா வேண்டும் என்று ஆஸ்பத்திரியும் கறாராக இருந்தது, அதுதான் சரி. முதலில் வந்து இறங்கும் நாளிலிருந்து 60 நாள், அதற்குள் மூன்று முறை வந்து போகலாம். கூட இரண்டு பேர் வரை உதவியாளர் விசாவில் வரலாம். அயித்தான், அதாவது அவர் மகன், அப்படித்தான் வந்தார். அவருடைய விண்ணப்பத்தில் அயித்தையின் விண்ணப்ப விவரம் கேட்பதால் முதலில் நோயாளிக்குப் போட்டுவிட்டுத்தான் துணைக்கு வருபவருக்குப் போட வேண்டும். பணத்தைக் கூடுதலாக வாங்கிக்கொள்கிற போலி இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. அரசின் தளமுகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும், அதைப் பார்த்த பிறகுதான் கார்டு எண்ணைக் கொடுக்க வேண்டும்.

மலேசியத் தமிழர் பாஸ்போர்ட்டில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'ஏ/பி' (இன்னாரின் மகள்) அல்லது 'ஏ/எல்' (இன்னாரின் மகன்) இருக்கும். நம் ஊர் ஆஸ்பத்திரி, வழக்கம்போல் அயித்தை பெயரை ஒரு இனிஷியலோடு கடிதத்தில் அடித்து அனுப்பியது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப் பெயரும் எண்ணும் போட்டு வேறு கடிதம் வாங்கிய பிறகுதான் விண்ணப்பத்தில் ஏற்றினோம். அதே பெயர்தான் பில், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றிலும் வர வேண்டும் என்று அப்போதே சொல்லிவைத்தது பின்னால் மிகவும் உதவியது.

தைப்பூசம் முடியாமல் கிளம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார், ஆகவே பிப்ரவரியில் வந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து திருச்சி, அங்கிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரில் காரைக்குடி. வெளிநாட்டுக் குடிமகன் ஒருவர் நம் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கியிருக்கும் விவரத்தை (அப்போது அது சி படிவம்) இணையத்தில் பதிய வேண்டும் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. லாட்ஜுக்கு மட்டும் உள்ள விதி என்று நினைக்கிறார்கள். அயித்தையே ஆனாலும் பாஸ்போர்ட் மலேசியாவுடையது, பதியத்தான் வேண்டும். பிறகு விசா நீட்டிப்புக்கும் அந்தப் பதிவுதான் கை கொடுத்தது.

மதுரைக்குப் போன முதல் வாரத்திலேயே தடங்கல். ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சர்க்கரைச் சராசரி ஒன்பதுக்கு மேல் இருந்தது. இந்த அளவில் கத்தி வைத்தால் புண் ஆறாது, மூட்டில் கிருமி தொற்றினால் போட்டதையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எட்டுக்குக் கீழே வர வேண்டுமாம். இந்த ஒரு பரிசோதனையைப் பினாங்கிலேயே எடுத்து அனுப்பச் சொல்லி ஆஸ்பத்திரியின் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவு கேட்டிருந்தால் மருந்தை அங்கேயே மாற்றிக்கொண்டு தயாராக வந்திருப்பார். எக்ஸ்ரேயையும் பாஸ்போர்ட்டையும் மட்டும்தான் கேட்டார்கள். அறுபது நாள் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று மாதச் சராசரி ஒரே மாதத்தில் இறங்கிவிடாது. அதனால் இன்சுலின் தொடங்கி, தினமும் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் எடுத்த அளவுகளை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். விருந்துக்கு வந்த பெண்மணிக்குக் கந்தரப்பத்தையும் பால் பணியாரத்தையும் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தது எனக்கு மனக்கஷ்டம்தான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு தூக்கோடு வந்தார்கள், வாங்கி அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். பல்லையும் இந்த நாட்களில் பார்த்துவிட்டோம். சொத்தைப் பல்லிலிருந்துகூடக் கிருமி ரத்தத்தில் கலந்து மூட்டுக்குப் போகும் என்பதால் அதையும் கேட்பார்கள்.

மார்ச்சில் வலது கால், ஏப்ரலில் இடது கால். ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்கள். பணம் கட்டுவதில் ஒன்று. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் 2017 முதல் அனுமதிப்பதில்லை. அயித்தானின் கார்டுக்கு வெளிநாட்டில் தினசரி வரம்பு இருந்ததால் முதல் நாள் கட்ட முடியவில்லை. வங்கி வழியாக நேரே ஆஸ்பத்திரிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி, ரசீதில் நோயாளி பெயரைப் போட வைத்தோம். விசா முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே இ-எஃப்ஆர்ஆர்ஓ என்கிற, வெளிநாட்டவர் பதிவுக்கான அரசு இணையதளத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தோம். இரண்டாவது ஆபரேஷன் ஏன் தள்ளிப்போனது என்று காரணத்தோடு டாக்டர் எழுதிய கடிதம், சி படிவம், கட்டிய பில் எல்லாம் ஏற்றியதும் சென்னைக்கு அலையாமலே நீட்டிப்பு கிடைத்தது.

எந்த மதிப்பீட்டிலும் வராத பகுதி வீட்டில்தான் நடந்தது. அயித்தைக்குத் தேவகோட்டையில் பிறந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று ஆசை. தெருவிலிருந்து திண்ணைக்கே உயரமான படிகள், பட்டாலை என்கிற முன்கூடத்திலிருந்து வளவுக்கு, அதாவது உள்முற்றப் பகுதிக்கு, இறக்கம், நிலைக்கு நிலை தாண்ட வேண்டிய வாசற்கட்டை, கழிவறை கடைசிக் கட்டைத் தாண்டிக் கொல்லையில். புது மூட்டு போட்டவருக்கு அந்த வீடு ஆகாது. "நான் பொறந்த வீட்டுலயே என்னைய விருந்தாளியாக்கிட்டீகளே" என்று அழுதார். காரைக்குடியில் என் வீட்டில் கீழ்த்தளத்தில் அறை ஒதுக்கி, உட்கார்கிற கழிவறையில் பக்கக் கைப்பிடி அடித்து, கட்டிலை உயரமாக்கினேன். என் வீட்டுத் தரையும் ஆத்தங்குடிக் கல்தான். ரத்தம் கட்டாமல் இருக்க இரண்டு காலிலும் இறுக்கமான காலுறை போட்டிருப்பார்கள், அந்தக் காலுறையோடு பளபளவென்று தேய்ந்த ஆத்தங்குடித் தரையில் நடப்பது மிக ஆபத்து. கட்டிலிலிருந்து கழிவறை வரை ரப்பர் விரிப்பு போட்டு ஓரத்தை ஒட்டிவிட்டோம்.

பிசியோதெரபிஸ்ட் தினமும் வீட்டுக்கு வந்தார். முதல் வாரங்களில் காலை மடக்க வைக்கும்போது அயித்தை போட்ட சத்தம் தெருவுக்கே கேட்கும். பாவம் பார்த்து விட்டுவிடக் கூடாது, அப்போது மடங்காத கால் பிறகு மடங்காது. படி ஏறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது முதலில் ஆபரேஷன் செய்த கால் என்று சொல்லிக் கொடுத்தார். வார்டில் பக்கத்துக் கட்டிலில் மன்னாரிலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார், அதே ஆபரேஷன். அவர்கள் லாட்ஜில் தங்கி, தையல் பிரித்த கையோடு கொழும்பு விமானம் ஏறிவிட்டார்கள். அவருக்குக் கால் சரியாக மடங்கவில்லை என்று மகள் பிறகு போனில் சொன்னார். மூட்டு ஒன்றுதான், டாக்டரும் ஒருவர்தான். சில வாரம் வைத்துப் பார்த்துக்கொள்ள இந்த ஊரில் வீடு இல்லை, அதுதான் வித்தியாசம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை எண்ணி மகிழ்கிற ஆஸ்பத்திரிகள் இதற்கு ஒரு ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கிளம்புவதற்கு முன் வாங்கிய காகிதங்களில் மிக முக்கியம், மூட்டுப் பெட்டியில் வருகிற ஸ்டிக்கர்கள். கம்பெனி, அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒரு பிரதி ஒட்டித் தரக் கேளுங்கள். நாளைக்குப் பினாங்கில் ஏதாவது ஆனால் அங்குள்ள டாக்டருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். இன்சுலினைக் கைப்பையில் கொண்டுபோகவும், விமான நிலையக் கருவி சத்தம் போட்டால் காட்டவும் டாக்டரிடம் ஒரு கடிதம். ரத்தக்கட்டு பயம் நீங்கும் வரை விமானம் ஏறக் கூடாது என்றதால் ஜூனில்தான் அனுப்பினார்கள். பினாங்கில் தொடர்ந்து பார்க்க ஒரு எலும்பு டாக்டரை அயித்தான் முன்பே பேசி வைத்திருந்தார். வேறு நாட்டில் செய்த ஆபரேஷனைத் தொட எல்லா டாக்டரும் சம்மதிப்பதில்லை, அதனால் இதை ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

ஒரு வருஷ எக்ஸ்ரேயை 2025-இல் பினாங்கிலேயே எடுத்து மதுரைக்கு மெயிலில் அனுப்பினோம். இரண்டு மூட்டும் அசையாமல் இருக்கிறது என்று பதில் வந்தது. இப்போது பக்கத்து வீட்டு ஆச்சியின் தம்பி, சிங்கப்பூரிலிருந்து இதே ஆபரேஷனுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரிப் பட்டியலைத்தான் முதலில் கேட்டார். சர்க்கரைப் பரிசோதனையை அங்கேயே எடுத்துவிட்டு, ஆபரேஷன் முடிந்து சிங்கப்பூர் திரும்பியதும் அங்கே பார்க்கிற டாக்டர் யார் என்று முடிவு செய்துவிட்டுப் பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.