திரவ முட்டைக்கு உரிமம் வாங்கிய அனுபவம்

நாமக்கல் அருகே தாத்தா தொடங்கிய கோழிப்பண்ணையைச் சித்தப்பா பார்த்துக்கொள்ள, அங்கிருந்து லாரியில் வரும் முட்டையைப் பெங்களூரு சிவாஜிநகரில் மொத்தமாக விற்பது அப்பாவின் பொறுப்பாக இருந்தது. அட்டைக்கு 30 முட்டை, பெட்டிக்கு 210 முட்டை என்ற கணக்கைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, எங்கள் கோழிகளுக்கு நோய் இல்லாதிருந்தும் முட்டையை வாங்க ஆளில்லை. விற்காவிட்டாலும் கோழி முட்டையிடும். ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் போட்டே ஆக வேண்டும். ஓட்டோடு விற்பதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று அப்பா அப்போது முடிவெடுத்தார்.

பல ஆண்டுகள் கழித்து, ஓசூர் சாலையை ஒட்டி ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, பேக்கரிகளுக்குப் பதப்படுத்திய திரவ முட்டை, அதாவது ஓட்டை உடைத்து எடுத்துச் சூடாக்கிக் கிருமி நீக்கிய முட்டைக் கலவை, தர முனைந்தோம். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு இணையத்தில் விண்ணப்பித்தது ஒரு மாலை நேர வேலைதான். ஆய்வுக்கு வந்த அலுவலர் வரைபடத்தையும் கொட்டகையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பண்ணையிலிருந்து வரும் எச்சம் படிந்த அட்டையும் நிரப்பி முடித்த வாளியும் ஒரே வாசல் வழியாகவா போகும் என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அவர் கேட்டது முற்றிலும் நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். முட்டை உடைக்கும் அறைக்குத் தனிச் சுவர் எழுப்பி, பின்புறம் இன்னொரு வாசல் திறந்து, தரையின் சரிவை மாற்றி முடிப்பதற்குள் இரண்டு மாத வாடகை வீணாயிற்று.

கழுவுவதில் வேறொரு சிக்கல் எழுந்தது. "முட்டையைக் கழுவுனா கெட்டுப் போகும் கண்ணு" என்று சித்தப்பா தொலைபேசியில் எச்சரித்தார். குளிர்ந்த நீரில் கழுவினால் அவர் சொன்னது உண்மை: உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டின் நுண்துளைகள் வழியாக அழுக்கு நீரையும் கிருமிகளையும் உள்ளிழுத்துக்கொள்ளும். முட்டையைவிட நீர் சூடாக இருக்க வேண்டும், கழுவியதும் உலர்த்தி, தாமதிக்காமல் உடைக்க வேண்டும் என்று விளக்கிய பிறகே அவர் சமாதானமானார்.

என்னை அதிகம் சோதித்தது வெப்பநிலை. முழு முட்டைக் கலவையை 60 டிகிரி செல்சியஸில் மூன்றரை நிமிடம் வைத்தால் சால்மோனெல்லா கிருமி அழியும். அதற்குமேல் சில டிகிரி ஏறினாலே வெள்ளைக்கரு திரளத் தொடங்கிவிடும். சோதனை ஓட்டத்தின் மூன்றாம் நாள் வெப்பமானி தவறாகக் காட்டியதால், கலவையைச் சூடாக்கும் இயந்திரத்தின் தகடுகளுக்கிடையே கலவை வெந்து, மஞ்சள் தோலாக ஒட்டிக்கொண்டது. அப்பாவும் நானும் ஒவ்வொரு தகடாகக் கழற்றி, நள்ளிரவுவரை தேய்த்தோம். அன்றிலிருந்து தனியாக ஒரு வெப்பமானியை வைத்து, இரண்டின் அளவையும் ஒவ்வொரு தொகுதிக்கும் பதிவேட்டில் எழுதுகிறோம். மறு ஆய்வில் அலுவலர் முதலில் கேட்டதும் அந்தப் பதிவேட்டைத்தான்.

பதினான்கு இலக்க உரிம எண் கிடைத்ததும் வாளிகளின் முகப்பில் அச்சிட்டோம். பண்ணையிலும் இதனால் ஒரு மாற்றம் வந்தது. முன்பு கீறல் முட்டையைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். இப்போது சித்தப்பா இரண்டு முட்டைகளை மெல்லத் தட்டி ஒலியைக் கேட்கிறார். சத்தம் மந்தமாக இருந்தால் தனியே எடுத்து வைக்கிறார், கசிவு தெரிந்தால் லாரியில் ஏற்றுவதே இல்லை.