1500-ஐ விட்டு இறங்காத மியாட்டா

2024 ஏப்ரல் 20, சனி
குளிர்காலம் முழுக்க டொராண்டோ கராஜில் மூடிக் கிடந்த 1990 மாஸ்டா மியாட்டா காரை இன்று வெளியே எடுத்தேன். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், நிமிடத்துக்கு 1500 சுற்றை விட்டு இறங்கவில்லை, 850 இருக்க வேண்டும். போன வருடம் டைமிங் (ஸ்பார்க் பிளக் தீப்பொறி விடும் நேரம்) பார்த்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் "ஐடில் ஸ்க்ரூவை இறுக்கிவிடுங்க" என்றார்கள். நான் தொடவில்லை. இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் மூடியிருக்கும்போதே வேகமாக ஓடுகிறது என்றால் காற்று வேறு வழியாக உள்ளே போகிறது, அந்த வழியைப் பிடிக்காமல் ஸ்க்ரூவைத் திருகினால் கோளாறு ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 21
த்ராட்டில் கேபிள் இழுத்துப் பிடிக்காமல் தளர்வாகத்தான் இருக்கிறது, அதில் கோளாறு இல்லை. வாக்குவம் ஹோஸ்களை (இன்ஜின் காற்றை உறிஞ்சும் சின்னக் குழாய்களை) ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தேன், பலனில்லை.

ஏப்ரல் 27, சனி
கையால் தொட்டுப் பார்த்ததில்தான் பிடிபட்டது! ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கை வைக்க முடியாத சூடு, த்ராட்டில் பாடிக்குப் போகும் சின்ன கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஹோஸ் மட்டும் சில்லென்று இருக்கிறது. அங்கே அடியில் ஒரு மெழுகு வால்வு உண்டு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது திறந்து கூடுதல் காற்று விடும், கூலன்ட்டின் சூட்டில் மெழுகு விரிந்ததும் மூடிக்கொள்ளும். சூடே வராவிட்டால் எப்படி மூடும்? இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன், கூலன்ட் கண்ணுக்கே தெரியவில்லை. ஹீட்டர் ஹோஸ் கிளாம்ப் ஒன்று தளர்ந்து கசிந்திருக்கிறது. இறுக்கி, ஒரு லிட்டர் அளவுக்கு ஊற்றி, குமிழி அடங்கும்வரை மூடியில்லாமல் ஓடவிட்டேன். இப்போது 1100.

மே 4, சனி
மீதியை டைமிங்கில் தேடினேன். இந்த வண்டியில் டைமிங் பார்க்கும் முன் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஈஎன், ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தே ஆக வேண்டும், தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் இசியு (இன்ஜினை இயக்கும் கணினி) டைமிங்கைத் தானே நகர்த்திக்கொண்டிருக்கும், நாம் பார்ப்பது அடிப்படை டைமிங்காகவே இருக்காது. ஏசி, ஹெட்லைட், ஃபேன் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஒயரைப் போட்டு முதல் சிலிண்டரில், தீப்பொறிக்கு ஏற்ப மின்னும் டைமிங் லைட்டை மாட்டினேன், இன்ஜின் புல்லியில் உள்ள குறி, நிற்க வேண்டிய 10 டிகிரியை நன்றாகவே தாண்டி நின்றது. போன வருடம் ஒயர் போடாமல் வைத்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. டைமிங்கை மாற்ற உதவும் கேம் ஆங்கிள் சென்சாரின் 12 எம்எம் போல்ட்டைத் தளர்த்தி, சென்சாரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன், குறி 10-க்கு வர வர ஐடிலிங்கும் கூடவே இறங்கி 950-க்கு வந்தது. அதற்கு அப்புறம்தான் ஸ்க்ரூவைத் தொட்டேன், கால் சுற்றுகூட இல்லை, 850.

மே 5
காலையில் குளிர்ந்த இன்ஜின் 1500-ல் தொடங்கி, பத்து நிமிடத்தில் தானாக 850-க்கு வந்து நின்றது. சின்ன ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன், நல்ல சூடு.