கிட்னி மாற்றிய பிறகு மாத்திரையை விட முடியுமா?

"ஸ்டெம் செல் ஏற்றிவிட்டால் மாத்திரையே வேண்டாமாமே?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு சிகிச்சைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, புதுக் கிட்னியை உடல் நிராகரிக்காமலிருக்க எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கும் மாத்திரையை அடியோடு நிறுத்தப் பார்ப்பது. மற்றது குறைக்க மட்டும்.

நிறுத்தும் வழியில், கிட்னி கொடுத்தவரின் ஸ்டெம் செல்லும் (ரத்த அணுக்களை உண்டாக்கும் தாய்ச் செல்) ஏறும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக முறையில், எச்.எல்.ஏ. (உடல் தன் செல்லை அடையாளம் காணும் குறி) முழுதாகப் பொருந்திய அண்ணன், தம்பி, அக்கா, தங்கைதான் கொடையாளர். அறுவை நாளிலேயே ஏ.டி.ஜி. (நோயாளியின் டி செல்களை, அதாவது அந்நியச் செல்லைத் தாக்கும் வெள்ளையணுக்களை, குறைக்கும் மருந்து) தொடங்கும். நிணநீர் முடிச்சுகள், மண்ணீரல், தைமஸ் ஆகியவற்றுக்குப் பத்துத் தவணை கதிர்வீச்சு. 11-ஆம் நாள் கொடையாளரின் செல் ஏறும்: உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 40 லட்சம் சிடி34 செல் (ஸ்டெம் செல்தான்), கூடவே அளந்தெடுத்த 10 லட்சம் டி செல். இந்த டி செல் அளவில்தான் சூட்சுமம். குறைந்தால் ஸ்டெம் செல் வேர்பிடிக்கத் துணை இருக்காது. கூடினால் அதுவே நோயாளியின் தோல், குடல், ஈரலைத் தாக்கக் கிளம்பும்.

நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரைகளில் மைக்கோஃபீனோலேட் ஒன்றரை மாதத்துக்குள் நிற்கும். இன்னொன்றான டாக்ரோலிமஸை ஆறு மாதம் கழித்தே குறைக்கத் தொடங்குவார்கள், கலப்பு நிலைத்திருந்தால் மட்டும். கலப்பு என்பது ரத்தத்தில் கொடையாளர் செல் எத்தனை சதவீதம் என்ற டி.என்.ஏ. கணக்கு. ரிப்போர்ட்டில் மொத்த ரத்தத்துக்கான எண்ணை மட்டும் பார்த்து மகிழக் கூடாது. அதில் பெரும்பங்கு கிரானுலோசைட் என்ற வெள்ளையணு; சில நாளில் செத்துப்போகும் செல். அது எலும்பு மஜ்ஜையின் இன்றைய உற்பத்தியைச் சொல்லும், அவ்வளவே. டி செல்லுக்கான வரி தனியாக இருக்கும், அது சரிகிறதா என்று பாருங்கள். (2008-இல் பாஸ்டன் குழு, எச்.எல்.ஏ. பொருந்தாத ஐவருக்கு மஜ்ஜையும் கிட்னியும் சேர்த்து வைத்தது. கலப்பு சில வாரங்களில் மறைந்தும் நால்வர் மருந்தை விட்டார்கள். ஆக, இந்த எண்ணும் முழுக் கதை இல்லை.)

ஸ்டான்ஃபோர்டு முறையின் மூன்றாம் கட்டச் சோதனையில் செல் பெற்ற 20 பேரில் 19 பேர் மருந்தை நிறுத்தினார்கள்; இரண்டு ஆண்டுக்கு மேல் அப்படியே இருந்தவர்கள் 15 பேர்.

குறைக்கும் வழி சாதுவானது. நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து டி-ரெக் செல்லை (மற்ற டி செல்களின் தாக்குதலை அடக்கும் வகை) பிரித்து, ஐந்து வாரம் போல வளர்த்து, திரும்ப ஏற்றுவார்கள். டி செல்களில் ஒரு பிரிவான சிடி4 செல்களில் இவை நூற்றுக்கு ஐந்து, பத்துதான். பிரிக்கும்போது தாக்கும் செல் ஒட்டிக்கொண்டு வந்தால் அதுவும் சேர்ந்து வளரும். அதனால்தான் தாக்கும் செல்லின் வளர்ச்சியைத் தடுக்கும் ராபமைசின் மருந்து கலந்து வளர்க்கிறார்கள். டி-ரெக் உட்படப் பல செல் வகைகளைச் சோதித்த 'ஒன் ஸ்டடி' என்ற ஆய்வில் (2020) 38 பேரில் 15 பேர் டாக்ரோலிமஸ் ஒன்றோடு நின்றார்கள்.

எந்த வழியானாலும் முதல் கேள்வி, பழைய கிட்னி எந்த வியாதியால் போனது என்பதுதான். அதே மாத்திரைகள் சில வியாதிகளையும் சேர்த்தே அடக்கிவைத்திருக்கும். ஐஜிஏ நெஃப்ரோபதி (ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் கிட்னியில் படியும் வியாதி) போன்றவை புதுக் கிட்னியிலும் திரும்பக்கூடியவை. நிராகரிப்பு இல்லையென்று பயாப்ஸி (கிட்னித் திசுச் சோதனை) சொல்லியும் சிறுநீரில் புரதம் ஏறினால், சந்தேகம் பழைய வியாதி மேல்தான் போக வேண்டும்.