பைபருக்கு மாறிய வீட்டில் லேண்ட்லைன்: எந்த போன், எந்த ஒயர், எங்கே வைப்பது

பைபர் இழுக்க வருகிறவர் ஓ.என்.டி. பெட்டியை, அதாவது பைபரில் வரும் ஒளியை போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் மாற்றித் தரும் பெட்டியை, வாசல் பக்கம் மாட்டி, அதில் ஒரு போனைச் செருகி டயல் டோன் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். 0416 நம்பர் பழையபடியே இருக்கும். ஆனால் படுக்கையறையிலும் மாடியிலும் இருக்கிற போன்கள் ஊமையாகிவிடும். அவற்றைப் பேச வைப்பது நம் பாடு. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் இரண்டு மாடி வீட்டில் செய்த முறை இது.

புது போன் வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஓ.என்.டி. எங்கே உட்காரப் போகிறது என்பதை. பழைய ரோசெட் பெட்டி, அதாவது வெளியிலிருந்து வந்த காப்பர் ஒயர் வீட்டுக்குள் முதலில் சேரும் சின்ன வெள்ளைப் பெட்டி, எந்தச் சுவரில் இருக்கிறதோ அதன் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே பைப்புக்குள் ஓடுகிற டெலிபோன் ஒயர் முழுவதையும் அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். பைபரை ஆணி அடித்து மடக்கி வளைக்க விடாதீர்கள். வளைவு உள்ளங்கை அளவுக்காவது விரிந்திருக்கட்டும். பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக மின்னினால் பைபரில்தான் கோளாறு. போனைக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. ரோசெட்டைத் திறந்து, வெளியிலிருந்து வரும் காப்பர் ஜோடியைக் கழற்றி, இரண்டு முனையையும் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். அந்த லைன் செத்துப்போயிற்று என்று நம்பி அப்படியே விடுகிறவர்கள் உண்டு. எக்ஸ்சேஞ்சில் கழற்றாமல் இருந்தால் அதில் 48 வோல்ட் டி.சி. வந்துகொண்டே இருக்கும். ஓ.என்.டி.யின் போன் போர்ட்டும் ஏறக்குறைய அதே வோல்ட்டை வெளியே தள்ளுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதினால் போர்ட் போய்விடும். கம்பத்திலிருந்து வரும் ஒயர் வழியே இடி இறங்கும் ஆபத்து வேறு.

கழற்றிய பிறகு, ஓ.என்.டி.யில் 'டெல்' அல்லது 'போன்' என்று போட்டிருக்கும் ஓட்டையிலிருந்து ஒரு ஆர்ஜே-11 ஒயரை (வழக்கமான சின்ன டெலிபோன் பிளக் உள்ள ஒயர்) ரோசெட்டுக்குக் கொண்டுவந்தால் போதும், வீட்டின் எல்லா பாயிண்டுக்கும் லைன் போய்விடும். ஆர்ஜே-11 பிளக்கில் நடுவில் இருக்கும் இரண்டு பின்தான் வேலை செய்கின்றன. அதே பிளக் பக்கத்து லேன் (இன்டர்நெட் கேபிள்) ஓட்டையிலும் நுழையும். அழுத்தித் தள்ளினால் அங்குள்ள ஓரத்து பின்கள் மடங்கும். பழைய பிராட்பேண்டுக்கு, போனையும் இன்டர்நெட்டையும் பிரிக்க வைத்த ஸ்பிளிட்டர் எங்காவது மாட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், இனி அதற்கு வேலை இல்லை. இந்த இணைப்பையெல்லாம் ஓ.என்.டி.யை ஆஃப் செய்துவிட்டுச் செய்யுங்கள். மணி அடிக்கும்போது லைனில் 60, 70 வோல்ட் ஏ.சி.க்கு மேலேயே ஏறும், கையில் சுள்ளென்று அடிக்கும்.

புதிதாக ஒரு பாயிண்ட் இழுக்க வேண்டியிருந்தால் 0.5 மி.மீ. காப்பர் டெலிபோன் ஒயர் வாங்குங்கள். லாங்கு பஜார் பக்கத்து எலக்ட்ரிகல் கடைகளில் கேட்டால் இரண்டு ஜோடி ஒயராகக் கிடைக்கும். ஒரு ஜோடி பழுதானால் மற்றதுக்கு மாறிக்கொள்ளலாம். 230 வோல்ட் ஒயர் போகும் பைப்புக்குள்ளேயே இதையும் நுழைக்கச் சொல்லும் எலக்ட்ரீசியனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆபத்து ஒரு பக்கம், காதில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் இன்னொரு பக்கம். மொட்டை மாடி வழியாகப் போகும் இடத்தில் ஜாயிண்ட் போடவே கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் ஜெல் நிரப்பிய கனெக்டர் போடுங்கள். வெறும் முறுக்கும் டேப்பும் ஐப்பசி மழையில் நனைந்து பச்சை பூத்துவிடும், அப்புறம் கரகரப்புதான்.

போன் தேர்வுக்கு வருவோம். ஒரு போர்ட்டில் எத்தனை போன் மாட்டலாம் என்பதற்கு எல்லை உண்டு. மணி அடிக்கும் சக்தியை எல்லாப் போன்களும் பங்குபோட்டுக்கொள்வதால், மூன்றுக்கு மேல் போனாலே மணி மெலியலாம், சிலது அடிக்காமலே போகலாம். ஆகவே ஒயர் போன் இரண்டு, கார்ட்லெஸ் பேஸ் ஒன்று என்று நிறுத்திக்கொள்வது நல்லது. கார்ட்லெஸ்ஸில் பேஸ் மட்டும்தான் லைனைத் தொடுகிறது. கூடுதல் ஹேண்ட்செட்டுகளுக்கு சார்ஜர் வைக்க ஒரு பிளக் பாயிண்ட் போதும். ஹேண்ட்செட்டுக்கு ஹேண்ட்செட் இன்டர்காம் பேசலாம், அதற்கு லைன் செலவில்லை. மாடியில் இருப்பவரைச் சாப்பிடக் கூப்பிட இதைவிட வசதி கிடையாது.

பேஸை நடு மாடியில், பீரோவும் ஃபிரிட்ஜும் இல்லாத சுவரோரம் வையுங்கள். 'டெக்ட்' (DECT) என்று பெட்டியில் போட்டிருக்கும் கார்ட்லெஸ் வகை என்றால் வைஃபையோடு மோதாது. பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும் பழைய வகையைத் தவிருங்கள். கொசப்பேட்டை, சைதாப்பேட்டை பக்கத்துப் பழைய தடித்த சுவர் வீடுகளில் அட்டையில் போட்டிருக்கும் 50 மீட்டரை நம்ப வேண்டாம். வாங்குமுன் அந்த மாடலுக்கு ரிப்பீட்டர் (சிக்னலை இன்னும் தூரம் கொண்டுபோகும் கருவி) கிடைக்குமா என்று கேளுங்கள். உள்ளே இருப்பது ஏஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. அது தீர்ந்தால் சாதாரண செல்லைப் போட்டு சார்ஜரில் வைக்கக் கூடாது, கசிந்து போனையே கெடுக்கும். வேலூர் வெயிலில் ஜன்னலோரச் சார்ஜர் பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும்.

ஒயர் போனில் அடியில் 'டி' (டோன்), 'பி' (பல்ஸ்) என்று ஸ்விட்ச் இருந்தால் 'டி'யில் வையுங்கள். தாத்தா காலத்துச் சுழற்றும் போனை ஆசைக்கு மாட்டினால் மணி அடிக்கும், பேசவும் முடியும். ஆனால் பல ஓ.என்.டி.களுக்கு அது சுழற்றும் நம்பர் புரியாது.

கரண்ட் விஷயத்தில்தான் காப்பரும் பைபரும் அடியோடு வேறுபடுகின்றன. காப்பருக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரி கை கொடுத்தது, பைபரில் ஓ.என்.டி. அணைந்தால் போனும் அணையும். பெரும்பாலான ஓ.என்.டி. 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது. அதே வோல்ட், அதே ஆம்பியர், அதே பின் அளவுள்ள மினி யு.பி.எஸ். வாங்கினால் சில மணி நேரம் தாங்கும். கார்ட்லெஸ் பேஸின் அடாப்டர் வேறு வோல்ட், இந்த மினி யு.பி.எஸ்ஸில் சேராது, இன்வெர்ட்டர் பாயிண்டில் செருகுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் வயதானவர்கள் கட்டிலருகே லைனிலேயே ஓடும் ஒயர் போன் ஒன்று கட்டாயம்.

டோன் வரவில்லையா? எல்லாப் போனையும் கழற்றிவிட்டு ரோசெட்டில் மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்துப் பாருங்கள். 40க்கு மேல் காட்டினால் லைன் சரி. ஒவ்வொரு போனாக மாட்டிக்கொண்டே போங்கள், எதை மாட்டும்போது 10க்குக் கீழே விழுகிறதோ அதுதான் குற்றவாளி, பெரும்பாலும் ரிசீவர் சரியாக வைக்கப்படாத போன். எதையும் மாட்டாமலே வோல்ட் இல்லையென்றால், ஓ.என்.டி.யிலிருந்து ரோசெட் ஒயரை உருவிவிட்டு ஒரு போனை நேரடியாகச் செருகுங்கள். டோன் வந்தால் வீட்டு ஒயரில்தான் கோளாறு. வராவிட்டால்தான் கம்ப்ளைண்ட் கொடுக்க வேண்டும்.

மெமரியில் நம்பர் ஏற்றும்போது மொபைல் எண்ணுக்கு முன்னால் 0 சேருங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அது கட்டாயம். ராணிப்பேட்டைக்கு 04172, குடியாத்தத்துக்கு 04171 என்று கோடோடு சேர்த்தே ஏற்றிவிடுங்கள், வீட்டில் பெரியவர்கள் ஒரே பட்டனில் முடித்துக்கொள்வார்கள்.